நான்காம் பீட்டுக்கு ஒரு விருப்ப மனு

எங்கள் தபால் ஆபீசில் காலியாகும் பீட்டை, அதாவது ஒரு போஸ்ட்மேனுக்கென்று பிரித்துவிட்ட வீதிகளை, யார் பார்ப்பது என்பதைப் பல வருடங்களாக முடிவு செய்தது எதிரே இருந்த டீக்கடைதான். ஒரு போஸ்ட்மேன் லீவு போட்டால், காலையில் மற்ற போஸ்ட்மேன்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவருடைய வீதிகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். லீவு நீளமென்றால் போஸ்ட்மாஸ்டர் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்வார். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தவர். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்து, தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜம்மென்று கிளம்பிவிடுவார். இதில் யாருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த டீக்கடையில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பதால், அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு நேரடியாகத் தெரியாது.

நான் அப்போது கிராமத் தபால் ஊழியர். சோமனூர்ப் பக்கம் ஒரு சின்ன டவுன். அதைச் சேர்ந்த கிளை ஆபீஸ் ஒன்றில் வேலை. கிளை ஆபீசில் ஓர் அண்ணன் கவுண்டரைப் பார்த்துக்கொள்வார். தினமும் காலையில் டவுன் ஆபீசுக்கு வந்து தபால் பையை வாங்கிக்கொண்டு போய், மூன்று குக்கிராமங்களுக்கும் நடுவில் இருக்கும் தோட்டங்களுக்கும் டெலிவரி கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக அதே மொபெட், அதே மண் தடம், அதே நாய்கள். பெரிய நாய் ஒன்று என்னைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டது. அந்த அளவுக்கு நான் பழையவளாகிவிட்டேன்.

போஸ்ட்மேன் தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கணக்குத் தாளில் கோட்டை விட்டேன். மூன்றாவது முறை எழுத மனசு வரவில்லை. ஆனாலும் டவுன் ஆபீசில் பை வாங்கக் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில், போஸ்ட்மேன்கள் தங்கள் தபாலை வீதி வீதியாக, வீடு வீடாக வரிசை போடுவதை நின்று பார்ப்பேன். கை வேகமாகப் போகும், கண் முகவரியைப் படித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு கட்டு வந்துவிடும். மேலிருந்து எடுக்க எடுக்க வீதி தானாக நடந்துபோகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு தடவையாவது அந்த மேஜையில் நான் வரிசை போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நான்காம் பீட்டைப் பார்த்துவந்த அண்ணனுக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷன், மூன்று மாத லீவு என்று ஒரு காலையில் ஆபீசே பேசியது. போஸ்ட்மாஸ்டர் செல்போன் கடைக்காரருக்குப் போன் போட்டு, "அடுத்த வாரத்துலருந்து வந்துருங்க, மூணு மாசம் பார்க்கோணும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான்காம் பீட் என் சொந்தப் பீட். என் வீடே அதில்தான் இருக்கிறது. தறி ஓடும் சந்து ஒன்றின் கடைசி வீடு. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் அதே வீதிகளில் தறி ஓட்டியவள் நான். வேறு எந்தப் பீட்டானாலும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேனோ என்னவோ.

அன்று மத்தியானம் தோட்டத்து நிழலில் மொபெட்டை நிறுத்தி, எங்கள் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். வருடத்துக்கு ஒரு முறை சந்தா வாங்க வருபவர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"ரூல் இருக்குதுங்க அம்மணி," என்றார். "போஸ்ட்மேன் லீவு போட்டு பீட் காலியாச்சுன்னா, அந்த ஆபீசுக்குக் கீழ இருக்கற கிளை ஆபீஸ்காரங்கள்ல சீனியாரிட்டிப்படி விருப்பம் கேக்கோணும். யாருமே வேண்டாம்னு சொன்னாத்தான் வெளியாளு. சங்கம் கேட்டு வாங்குனதுங்க அது. உங்க ஆபீசுல யாரும் கேக்கலியாட்ட இருக்குது."

"எங்களுக்கு யாரும் சொல்லலீங்களே!"

"யாருங்க வந்து சொல்லுவாங்க? நீங்கதான் கேக்கோணும். வாயால கேட்டா காத்துல போயிரும். எழுத்துல குடுங்க."

பதினோரு வருடம்! அத்தனை லீவுகள், அத்தனை காலிகள், அத்தனை தடவையும் அந்த ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். கோபம் யார் மேல் என்று தெரியாமல் மொபெட்டை ஓங்கி உதைத்தேன். அது உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அன்றே மனு எழுதினேன். 'நான்காம் பீட் தற்காலிகமாகக் காலியாவதால், சீனியாரிட்டிப்படி அதில் பணிபுரிய விருப்பம் தெரிவிக்கிறேன்' என்று நாலே வரி. அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தேன். மனுவைக் கையில் கொடுக்காமல், சாயங்காலம் கிளை ஆபீசிலிருந்து டவுனுக்குப் போகும் பையில் வைத்துவிட்டேன். பையோடு போகும் பட்டியலில் எழுதவில்லை, எண் போடவில்லை, தாளை மடித்து உள்ளே வைத்ததோடு சரி. பைக்குள் போனது போய்ச் சேரும் என்பதில் தபால்காரர்களுக்கு இருக்கும் நம்பிக்கை வேறு யாருக்கும் இருக்காது. கிளை ஆபீஸ் அண்ணன் பையைக் கட்டி முத்திரை வைத்தார். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் பை வாங்கப் போனபோது போஸ்ட்மாஸ்டரிடம் நானே கேட்டேன்.

"மனுவா? எந்த மனுங்க அம்மணி?" அவர் முகத்தில் அவ்வளவு வெகுளித்தனம். "எங்கிட்ட ஒண்ணும் வரலீங்களே. பையில வெச்சீங்களா? பட்டியல்ல ஏறுச்சுங்களா?"

ஏறவில்லை. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மடித்த தாளின் ஓரம் ஒன்று தெரிந்தது, அது என்னுடையதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நிரூபிக்க என்ன இருக்கிறது? சங்கச் செயலாளரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"ஊருக்கெல்லாம் ரசீதைப் பத்திரமா வைங்கன்னு சொல்றவங்க நீங்க. உங்க தாளுக்கு ரசீது எங்கீங்க?"

அந்தக் கேள்வி சுட்டது. சுட்டதால்தான் புத்தியும் வந்தது.

ரிஜிஸ்டர் தபால் தனியாக இருந்த காலம் அது. மனுவை மறுபடி எழுதி, உறையில் போட்டு, ஒப்புகை அட்டையை இணைத்து, எங்கள் கிளை ஆபீஸ் கவுண்டரில் நீட்டினேன். அண்ணன் முகவரியைப் படித்தார். பெறுநர்: போஸ்ட்மாஸ்டர், எங்கள் டவுன் ஆபீஸ். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாளைக்கு அங்கதானுங்க போவீங்க? கையிலயே குடுத்துப்போடலாமே."

"வேண்டாமுங்ணா. முறைப்படி போகட்டும்."

அவர் வாயை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். சீல் குத்தி ரசீது கொடுத்தார். அதை நான் என் ஆதார் அட்டையோடு சேர்த்துப் பர்சில் வைத்தேன். "பீட் கெடைச்சா இந்தப் பக்கத்து டெலிவரிய நான் பாத்துக்கறேனுங்க" என்றும் அவராகவே சொன்னார். அதற்காக அவரை இன்னும் மறக்கவில்லை.

பெறுநர் இடத்தில் போஸ்ட்மாஸ்டருடைய பெயரை எழுதாமல் பதவியை மட்டும் எழுதியிருந்தேன். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. ஆபீஸ் கடிதம் என்றால் அப்படித்தான் எழுதுவது, பழக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

உறை டவுன் ஆபீசுக்கு வந்து சேர்ந்த அன்று போஸ்ட்மாஸ்டர் லீவு. கொடுமுடியில் ஒரம்பரை வீட்டுக் காதுகுத்து. அவர் நாற்காலியில் அன்று பொறுப்புக்கு உட்கார்ந்திருந்தவர், அவருக்கு அடுத்த சீனியரான கவுண்டர் கிளார்க் அம்மா. ஆபீஸ் இருக்கும் மெயின் ரோடு நான்காம் பீட்டில் வருவதால், அந்த உறையை டெலிவரி செய்ய வேண்டியவர் முழங்கால் அண்ணன். அதுதான் அவர் ஆபரேஷனுக்கு முந்தின கடைசி நாள். அவர் உறையை எடுத்துக்கொண்டு, பத்தடி நொண்டி நடந்து, மேஜைக்கு முன்னால் நின்று, "ரிஜிஸ்டருங்க, கையெழுத்து போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். கிளார்க் அம்மா உறையைத் திருப்பி என் பெயரைப் பார்த்துவிட்டு, பெயருக்கு வராமல் பதவிக்கு வந்த தபால் என்பதால், டெலிவரிப் போன் திரையில் ஒன்று, ஒப்புகை அட்டையில் ஒன்று என இரண்டு கையெழுத்துப் போட்டு, 'பொறுப்பு' என்று சீலும் வைத்துவிட்டார். அட்டை அனுப்பினவருக்குத் திரும்ப வர வேண்டும். அனுப்பினவள் வீடும் நான்காம் பீட்டில். ஆகவே அன்று மத்தியானமே அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து அட்டையைக் கொடுத்து, நடந்ததை எல்லாம் சொன்னார்.

"இருவத்தாறு வருசமா தபால் குடுக்கறேன் அம்மணி. ஆபீசுக்குள்ளயே நடந்து ஆபீசுக்கே தபால் குடுத்தது இன்னைக்குத்தான்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "டீக்கடையில நாங்க பிரிச்சுக்கறப்ப உங்களையெல்லாம் நெனைச்சதே இல்லீங்க. தப்புத்தானுங்க," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் மேல் இருந்த என் கோபம் அன்றே போய்விட்டது. போஸ்ட்மாஸ்டர் மேல் இருந்தது போகவில்லை.

கொடுமுடியிலிருந்து திரும்பிய அவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். உறை மேஜை மேல் கிடந்தது. மற்றவர்கள் எல்லாம் வரிசை போடுவது போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள், காது மட்டும் இந்தப் பக்கம்.

"ஏனுங்க அம்மணி, எனக்கே ரிஜிஸ்டர் அனுப்பறீங்களா? நான் என்ன கோர்ட்டுல நிக்கற ஆளுங்களா?"

"முதல் மனு வரலைன்னீங்களே சார். அதான் இது வரட்டும்னுங்க."

"அந்தப் பீட்டு உங்களுக்குச் சரிப்படாதுங்க. தறிச் சத்தம். அப்பறமேட்டு பெரிய வீதியும் அதுல வருது. அங்கெல்லாம் பழகின ஆளு போனாத்தான் நல்லது."

பெரிய வீதி என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் தோட்டத்து வேலைக்குப் போன குடும்பம். அந்த வீதியின் பெரிய வீடுகளில் என் அப்பா ஒரு நாளும் முன்கேட்டைத் திறந்து உள்ளே போனதில்லை. பின்பக்கத்துச் சந்தில் நின்று குரல் கொடுப்பார். இத்தனை நாள் கழித்து, இவ்வளவு மரியாதையான பேச்சுக்குள் ஒளித்து அதையே எனக்கு நீட்டுகிறார். மேஜைக்கு இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றேன்.

"சார், நீங்க கொடுமுடி போன அன்னைக்கு உங்க சீட்டு காலியா இருந்துச்சுங்களே. அதுல யாருங்க உக்காந்தாங்க?"

"கிளார்க் அம்மாதான். ஏன்?"

"அவங்களை எப்படிங்க உக்கார வெச்சீங்க?"

"எனக்கு அடுத்த சீனியர் அவங்கதானுங்க. ரூலு அது." சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டதே.

"செல்போன் கடைக்காரரைக் கூப்பிட்டு உங்க சீட்டுல உக்கார வெக்கலீங்களே சார்?"

வரிசை போட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. கிளார்க் அம்மா கவுண்டர் பக்கம் திரும்பி, வராத இருமலை இருமினார். போஸ்ட்மாஸ்டரின் காது சிவந்தது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை, கடைசியாக ஒரு துருப்புச் சீட்டைக் கையில் வைத்திருந்தார்.

"சரிங்க. ரூலுன்னே வெச்சுக்குவோம். சீனியாரிட்டின்னா நீங்க முதல் ஆளு கிடையாதே. உங்களுக்கு மேல ஒருத்தங்க இருக்காங்க. அவங்க எழுதிக் குடுக்காம உங்களுக்கு நான் எப்படிங்க குடுக்கறது?"

அது உண்மை. மேற்கே இன்னொரு கிளை ஆபீசில் என்னைவிட இரண்டு வருடம் முன்னால் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். அன்று டெலிவரியை முடித்த கையோடு அவரைத் தேடிப் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பயந்துவிட்டார்.

"நமக்கெதுக்கு கண்ணு இந்த வம்பெல்லாம்? அவரு பெரியவரு. நாளைக்கு ஒரு லீவுன்னு போய் நின்னா கடுப்படிப்பாரு."

"உங்களுக்கு வேணும்னா நீங்களே எடுத்துக்கங்கக்கா. நான் அடுத்து நிக்கறேன். வெளியாளுக்கு மட்டும் போகக் கூடாது."

இதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது, அவர் சரி என்று சொல்லிவிட்டால்? அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார்.

"எனக்கு மொபெட்டே ஓட்டத் தெரியாது. மாடு வேற கெடக்குது. நீ போ கண்ணு," என்று சொல்லி, 'இந்த முறை விருப்பமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'இந்த முறை' என்று எழுதச் சொன்னது நான்தான். பிற்காலத்தில் அவருக்கு அது தடையாக வந்துவிடக் கூடாதே என்று. அந்த நல்ல புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

அந்தத் தாளை நான் பையில் வைக்கவில்லை. மறுநாள் காலையில் நேராகக் கொண்டுபோய் போஸ்ட்மாஸ்டர் மேஜையில் வைத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் உத்தரவு வந்தது. நான்காம் பீட், மூன்று மாதம், என் பெயர். அதை ஆபீஸ் உத்தரவுப் புத்தகத்தில் நானே படித்து, நானே கீழே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மொபெட்டிலேயே சத்தமாகச் சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

முதல் நாள் காலையில் அந்த மேஜையில் நின்றேன். பதினோரு வருடம் தள்ளி நின்று பார்த்த மேஜை. வரிசை போட மற்றவர்களுக்கு முக்கால் மணி நேரம், எனக்கு இரண்டு மணி நேரம். பழைய நம்பர், புது நம்பர் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள். யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு புகார் வந்தால் போதும், உத்தரவை ரத்து செய்துவிடலாம் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

நான்காம் பீட்டுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கையெழுத்து வாங்க வேண்டிய தபால்களில் பாதி 'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு ஆபீசுக்கே திரும்பி வரும். போஸ்ட்மேன் பொய் எழுதுவதில்லை. தறிக் கூடத்தில் பத்துத் தறி ஓடும்போது வாசலில் நின்று "போஸ்ட்!" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே கேட்காது. சத்தத்துக்காகக் கதவைச் சாத்தியிருப்பார்கள். தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவதுதான் வழக்கம்.

எனக்குக் கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தறி ஓட்டுகிறவளுக்குக் காது வேலை செய்யாது, கண் மட்டும்தான் வேலை செய்யும். அதுவும் துணியை விட்டு நகராது. நூல் அறுந்ததா, ஓட்டை விழுந்ததா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்தத் துணியின் மேல் ஜன்னல் வெளிச்சம் விழும். முதல் தறிக் கூடத்தில் நான் கதவுப் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்க் கையை உயர்த்தி இரண்டு தடவை ஆட்டினேன். என் கை நிழல் துணியில் விழுந்தது. தறிக்காரப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். தறியை நிறுத்திவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

"யாரு, போஸ்ட்டா? பொம்பளையாளா? அட, நம்ம கடைசி ஊட்டு அக்கா!"

அவளுடைய பாஸ்புக்குத்தான் முதல் டெலிவரி. இதற்கு முன் இரண்டு தடவை பூட்டிய கதவென்று திரும்பிப் போன தபால் அது. அவள் இங்கேயேதான் நின்றிருக்கிறாள், பன்னிரண்டு மணி நேரமும்.

பெரிய வீதிக்குப் போனபோது மணி ஒன்று. அந்த வீடுகளில் ஒன்றின் முன்கேட்டுக்கு முன்னால் மொபெட்டை நிறுத்தினேன். பக்கத்துச் சந்தைப் பார்த்தேன், அப்பா நின்று குரல் கொடுக்கும் இடம். பிறகு கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு உள்ளே போய் மணியை அடித்தேன். வீட்டுக்காரர் வந்தார். வயதானவர், வெள்ளை வேட்டி. என்னை அடையாளம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"ரிஜிஸ்டருங்க. இதுல விரலால கையெழுத்து போடுங்க" என்று போனை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "வெயிலா இருக்குது. தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். வேண்டாம், நேரமாகிவிட்டது என்று சொன்னேன். நிஜமாகவே நேரமாகிவிட்டது. ஆனாலும் கேட்டைச் சாத்தும்போது அந்தச் சந்துப் பக்கம் இன்னொரு தடவை பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்ல நேராக அவரிடம்தான் போயிருப்பேன்.

அன்று ஆபீசுக்கு நான் திரும்பியபோது மற்ற எல்லாரும் கணக்கை முடித்துப் போயிருந்தார்கள். கிளார்க் அம்மாவும் போஸ்ட்மாஸ்டரும் மட்டும் இருந்தார்கள். கையெழுத்துத் தபால் எதுவும் திரும்பவில்லை. ஒன்றுகூட! போஸ்ட்மாஸ்டர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் போன் திரையில் ஒவ்வொரு கையெழுத்தாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"கதவு பூட்டுனதே இல்லீங்களா?"

"கதவெல்லாம் பூட்டித்தானுங்க இருந்துச்சு. ஆளுக இருந்தாங்க."

அந்த மூன்று மாதமும் புகார் என்று ஒரு துண்டுத் தாளும் வரவில்லை. வரிசை போடும் நேரம் முக்கால் மணி நேரமாக இறங்கியது. கடைசி மாதத்தில் மூன்றாம் பீட்காரர் என் பக்கம் வந்து, தறிக் கூடத்து ஜன்னலைப் பற்றி மெதுவாகக் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். முழங்கால் அண்ணன் திரும்பி வந்ததும் பீட்டை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு என் மண் தடத்துக்குப் போனேன். பெரிய நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. மூன்று மாதத்தில் மறந்துவிட்டிருந்தது.

ஒரு வருடம் போனது. அண்ணனுக்கு இப்போது வலது முழங்கால். இந்தத் தடவை டீக்கடையில் யாரும் வீதிகளைப் பங்கு போடவில்லை. ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தது. 'நான்காம் பீட் தற்காலிகமாகக் காலி, கிளை ஆபீஸ் ஊழியர்கள் விருப்பம் தெரிவிக்கலாம்.' கடைசித் தேதியும் போட்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த பெருமையை மறைக்க மாட்டேன். அந்தத் தாளை ஒட்ட வைத்தவள் நான். அன்றே மனு கொடுத்து ரசீதும் வாங்கினேன். மேஜை மறுபடி என்னுடையது என்று முடிவே செய்துவிட்டேன்.

கடைசித் தேதிக்கு மறுநாள் போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"இந்தத் தடவை ரெண்டு மனுங்க அம்மணி. உங்களுக்கு மேல இருக்கறவங்களும் கேட்டிருக்காங்க. ரூல் தெரியுமல்லங்க உங்களுக்கு?"

அவர் ஓர் உறையைத் தூக்கிக் காட்டினார். அந்த அக்காவின் மனு. அதற்குள் ரிஜிஸ்டரை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டிருந்தார்கள், ஆகவே ஸ்பீடு போஸ்டில் வந்திருந்தது. பெறுநர்: போஸ்ட்மாஸ்டர். கோணல்மாணலான கையெழுத்து.

என் வீதி, என் ஜன்னல்கள், வாங்கிக் கொடுத்தவள் நான், இவர் இன்று வந்து எடுத்துக்கொள்வதா? ஆபீஸ் படியில் அந்த அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பர்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ரசீது அதற்குள்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாட்டை வித்துப்போட்டேன் கண்ணு," என்றார் அவசரமாக. "மொபெட்டும் பழகிட்டேன். நீதான் அன்னைக்கு இந்த முறைன்னு எழுதச் சொன்னே. கோவமா?"

கோபம்தான். அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். "ஆமாங்க்கா, கோவந்தான்." சொன்னவுடன் அவர் முகம் விழுந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அவரு பெரியவரு, வம்பு வேண்டாம்' என்று வாளியைக் கட்டிக்கொண்டு நின்ற பொம்பளை, போஸ்ட்மாஸ்டருக்கே ஸ்பீடு போஸ்ட் அனுப்பியிருக்கிறார்! நான் அந்த ரூலை எனக்காக மட்டும் கேட்கவில்லை, வெளியாளுக்குப் போகக் கூடாது என்றுதானே கேட்டேன். "தறிக் கூடத்துல கதவைத் தட்டாதீங்க, ஜன்னலுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் என் டெலிவரியை முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தறிக் கூடம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரத்துத் தண்ணீரின் மேல் ஒரு நிழல் இரண்டு தடவை ஆடியது. நிமிர்ந்தேன். ஜன்னலில் அந்த அக்கா, தலையில் துண்டு, தோளில் பை, முகமெல்லாம் வேர்வை.

"ஸ்பீடு போஸ்ட்டுங்க," என்றார். எனக்கு அவர் 'ங்க' போட்டது அதுவே முதல் தடவை. "கையெழுத்து போடுங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினேன். போஸ்ட்மாஸ்டரிடமிருந்து வந்திருந்தது. என் மனுவுக்குப் பதில், எழுத்தில், எண் போட்டு, சீல் வைத்து. இந்த முறை சீனியாரிட்டிப்படி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது, அடுத்து எந்தப் பீட் காலியானாலும் வரிசையில் முதல் பெயர் உங்களுடையது.

நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். "உள்ள வாங்கக்கா, தண்ணி குடிச்சுட்டுப் போலாம்," என்று கூப்பிட்டேன்.

அவர் ஏற்கெனவே மொபெட்டில் ஏறியிருந்தார்.

"பெரிய வீதி பூராவும் இன்னும் கெடக்குது கண்ணு. அப்பறமா வாரேன்!"